கேப்பை அளவு மணல்

காலை ஆறு நாற்பது. திண்டிவனம் மேம்பாலத்தின் கீழே குட்டியானை வண்டி நின்றிருந்தது. பின்னால் பழைய மெத்தையின் மேல் நான்கடிக் கண்ணாடித் தொட்டி. அதை ஒட்டி மூன்று மூட்டை மணல். அமலா ஒவ்வொரு மூட்டையின் வாய்க்கட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மீன் கடைக்காரர் கோதண்டபாணி வேகமாக வந்தார். கையில் ஒரு பை. அதை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தார். நீலக் கல்.

"இருக்கட்டும். வழியில மனசு மாறுனா உதவும்."

"மாறாதுண்ணா."

"வண்டியில எடமா இல்ல? கெடக்கட்டும்."

அமலா பையைக் காலடியில் வைத்தாள். வண்டி கிளம்பியது.

பத்து நாளாக இதே சண்டைதான். கோதண்டபாணியின் கடையில் அவளுக்கு ஒன்பதாவது வருடம். முதல் நான்கு வருடம் தொட்டி கழுவினாள். பிறகு தொட்டி அமைக்கப் போனாள். அமைப்பதென்றால் நீலக் கல், வெள்ளைக் கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து குமிழி விடும் முதலை. செல்போன் கடை, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் அதே முதலை. விழுப்புரத்தில் குழந்தைகள் மருத்துவமனை திறக்கப் போகும் டாக்டர் இளவரசிதான் முதல் முறையாக உயிருள்ள செடி வேண்டும் என்று கேட்டார். இன்றிலிருந்து திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது.

"செடி வெச்சிக்கோ. ஆனா அடியில கல்லு போடு" என்றார் கோதண்டபாணி. "அழுக்கு கல்லு சந்துல எறங்கிடும். குழாய வெச்சி உறிஞ்சினா சுத்தம். மணலு இறுகிப் போவும். அடியில கறுத்துப் போயி அழுவுன முட்டை நாத்தம் வரும். நகைக்கடைத் தொட்டி ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருந்தது. அதைக் கழுவியது அவள்தான்.

"அது மாவு மாதிரி மணலுண்ணா. இறுகத்தான் செய்யும். கல்லு போட்டா வேருக்குப் புடிமானம் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குது."

"இன்னா அது?"

"கேப்பை அளவு."

"மீனுக்குக் கூழு காய்ச்சப் போறியா?"

மறுநாள் அவள் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கொண்டுவந்து கல்லாப் பெட்டியின் மேல் வைத்தாள். ஆறு மாதமாக வீட்டு ஜன்னலில் இருந்தவை. மூன்றிலும் ஒரே செடி. நீளமான நாடா போல இலை விடும் நீர்ச்செடி. கடையில் வாலி என்பார்கள். முதல் பாட்டிலில் பொடி மணல். வேர் கறுத்திருந்தது. இரண்டாவதில் கல். வேர் கல்லைத் தாண்டித் தண்ணீரில் தொங்கியது. மூன்றாவதில் மணல் கேப்பை அளவில் இருந்தது. பாட்டிலின் அடி வரை வெள்ளை வேர்.

கோதண்டபாணி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாட்டிலு வேற. நாலடித் தொட்டி வேற."

"வெக்கறேண்ணா. செடி நின்னுடுச்சின்னா நீங்க ஒண்ணு செய்யணும்."

"சம்பளமா?"

"இல்ல."

கடையிலிருந்து போகும் ஒவ்வொரு தொட்டியின் மூலையிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கடைப் பெயர், ஊர், போன் நம்பர். அமலா அதைக் காட்டினாள்.

"இதுல என் பேரு போடணும். செடி அமைப்பு, அமலான்னு."

"பேரு போட்டா மீனு குட்டி போடுமா?"

"போடணும்ணா."

"செடி நிக்கலன்னா?"

"திரும்பத் தொட்டி கழுவறேன்."

கோதண்டபாணி தலையைச் சொறிந்தார். "கல்லு போட்டா இந்தப் பேஜாரே இல்ல" என்றார். ஆனால் சரியென்றும் சொன்னார்.

மணல் கிளியனூரிலிருந்து வந்தது. அவள் தெருவில் மாதா கோயில் கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் கோயிலுக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தது. பதினைந்து வருட மழை அதன் மேல் பெய்திருந்தது. கோயில் உபதேசியார் ஆரோக்கியராஜ் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "மேலாப்பல ஒரு முழம் தள்ளிட்டு எடு. ஆடு படுக்கிற எடம்" என்றார்.

அம்மா சவுரியம்மாள் கேப்பை சலிக்கிற சல்லடையை அமலா எடுத்தாள். பொடியெல்லாம் கீழே போயிற்று. மேலே நின்றதைக் கொத்தனார் சல்லடையில் மறுபடி சலித்தாள். அதில் விழுந்ததுதான் வேண்டிய மணல்.

"கேப்பை சல்லடையில மண்ணா? உருப்புடுவியா நீ?" என்றாள் சவுரியம்மாள். பிறகு அவளே உட்கார்ந்து சலித்தாள். தண்ணீர் தெளியும்வரை இருவரும் அலசினார்கள்.

*

மருத்துவமனையில் பெயின்ட் வாசனை அடித்தது. ஒருவர் ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். வரவேற்பறையின் நடுவில் இரும்புத் தாங்கி தயாராக இருந்தது. அதன் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் டாக்டரின் அப்பா கண்ணையன். கெடாரில் பன்னிரண்டு ஏக்கர் சொந்தப் பயிர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் காலடியிலும் மூன்று மூட்டைகள் இருந்தன.

"மீன் கடையா?"

"ஆமா சார்."

"ஆம்பள யாரும் வர்லியா?"

"டிரைவர் வந்திருக்கார் சார். அவருக்குத் தொட்டி வெக்கத் தெரியாது."

ஏணியில் இருந்தவர் கீழே பார்த்தார். கண்ணையன் சிரிக்கவில்லை.

"எந்த ஊரு?"

"கிளியனூரு."

"கிளியனூர்ல எங்க?"

"மாதா கோயில் தெரு."

கண்ணையன் தலையை ஆட்டினார். மேலே கேட்கவில்லை. அவருக்குத் தேவையானது தெரிந்துவிட்டது.

தொட்டியை இறக்கித் தாங்கியில் வைத்தார்கள். அமலா ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். ஒரு மூலைக்கு அட்டை மடித்து வைத்தாள். டிரைவர் மணல் மூட்டைகளைத் தூக்கிவந்தார்.

"அது இன்னா?" என்றார் கண்ணையன்.

"மணலு சார்."

"மணலா? எங்கேர்ந்து?"

"எங்க கோயிலு பின்னாடியிருந்து."

"அத்த ஓரமா போடு. எங்க ஓடை மணலு கொண்டாந்திருக்கேன். சக்கர மாதிரி இருக்கும். அவுத்துப் பாரு."

அவரே மூட்டையை அவிழ்த்தார். டாக்டர் இளவரசி உள்ளிருந்து வந்தார். காதில் போன். அமலாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பேச்சை முடித்தார்.

"அப்பா நேத்திலேருந்து இதே வேலையா இருக்கார். நல்ல மணல்தானே?"

அமலா ஒரு கை அள்ளினாள். அழகான மணல். மஞ்சள் நிறம். உருண்டையான மணிகள். சலிக்கவே வேண்டாம், அத்தனையும் கேப்பை அளவு. இவ்வளவு மணலைச் சலித்தெடுக்க அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். உள்ளங்கையை வெளிச்சத்தில் சாய்த்தாள். மஞ்சளுக்கு நடுவே வெள்ளை மணிகள். ஒன்றை நகத்தால் அழுத்தினாள். மாவாக உடைந்தது.

"மேடம், இது வேணாம்."

ஏணியில் பிரஷ் நின்றது.

"வேணாமா?" என்றார் கண்ணையன். "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அந்த மணலுலதான் வூடு கட்டறோம். இன்னா கொறைய கண்ட?"

"வூட்டுக்கு நல்ல மணலு சார். தொட்டிக்கு ஆவாது. சுக்கான் கலந்திருக்குது."

"சுக்கானா? எங்க கழனியிலயா?"

"சுக்கான்னா?" என்று கேட்டார் டாக்டர்.

"சுண்ணாம்புக் கல்லு மேடம். மண்ணுக்குள்ள தானா வெளையறது. தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையும். ஏற்கெனவே இங்க போர் தண்ணி உப்பு. அதுல இதுவும் சேந்தா செடி வெளுத்துடும்."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். "கொஞ்சமா கலந்துக்கலாமா அமலா? ஆசையாக் கொண்டுவந்திருக்கார்."

"கலந்தா நான் வெக்கல மேடம். வேற ஆள வெச்சிக்குங்க."

நீலக் கல் பை வாசலில் வண்டிக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போய்க் கடையில் நிற்பதை நினைத்தாள். நினைத்துவிட்டும் சொன்னதை மாற்றவில்லை.

"எலுமிச்சம்பழம் இருக்குதா மேடம்?"

"பூசைக்கு வாங்கினது இருக்கு" என்றார் கண்ணையன். "எதுக்கு? திருஷ்டி சுத்தப் போறியா?"

"உங்க மணலுக்கு சார்."

அவர் ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தார். அமலா இரண்டு டம்ளர் கேட்டாள். ஒன்றில் அவருடைய மணல் ஒரு கரண்டி. மற்றதில் தன்னுடையது. பழத்தை அறுத்து இரண்டிலும் பிழிந்தாள்.

"காத வெச்சிக் கேளுங்க சார்."

கண்ணையன் அவளை முறைத்தார். பிறகு தன் டம்ளரை எடுத்துக் காதருகே வைத்தார். கண் சுருங்கியது. டம்ளரை இறக்கிப் பார்த்தார். மணலின் மேல் சின்னக் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அவளுடைய டம்ளரையும் எடுத்துக் கேட்டார். அதில் சத்தம் இல்லை.

டாக்டர் குனிந்து பார்த்தார். "கார்பனேட். இவங்க சொல்றது சரிதான்பா."

"நீ புள்ளைங்களுக்கு டாக்டரு. மண்ணுக்கு இல்ல." டம்ளரைக் கீழே வைத்தார். "சுண்ணாம்பு இருந்தா இன்னா கெட்டுப் போச்சி? மல்லாட்டையில கடல பருக்க ஜிப்சம் வாங்கிப் போடறோமே?"

"மல்லாட்டைக்கு நல்லது சார். நெல்லுக்கு?"

அவர் கீழே வைத்த டம்ளரைப் பார்த்தார்.

"அந்த ஓடை ஓரமா நெல்லு வெக்கிறீங்களா?"

"வெக்கிறோம்."

"மஞ்சளா நிக்குமே."

"ஒனக்கு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல சார். ஆறு போகம் நடவுக்குப் போயிருக்கேன். சுக்கான் இருக்கிற எடத்துல நாத்து வெளுத்துதான் நிக்கும்."

"கெடாருக்கு வந்தியா?"

"வர்ல சார். வந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

ஏணியில் இருந்தவர் சிரித்துவிட்டார். டாக்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணையன் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் அமலா நினைத்தாள். எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெரிய மிட்டாய் ஜாடியோடு திரும்பி வந்தார்.

"பேச்செல்லாம் வேணாம். நட்டுக் காட்டு. நானும் நடறேன். எனக்கு ஒரு செடி குடு. நல்லதா குடு."

"நீங்களே பாத்து எடுத்துக்குங்க சார்."

அமலா ஈரச் சாக்கில் கொண்டுவந்த செடிக் கட்டைப் பிரித்துத் தடித்த ஒன்றாக எடுத்தார். ஜாடியில் தன் ஓடை மணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். செடியை ஆழமாகச் செருகினார்.

"கழுத்து மண்ணுக்கு மேல இருக்கணும் சார்."

"எனக்கு நடத் தெரியும்."

"நீங்க நட்டிருக்கீங்களா?"

அவர் ஆள் வைத்து நட்டவர். அமலா தொட்டிப் பக்கம் திரும்பியதும் செடியை அரை விரல் மேலே இழுத்துவிட்டார்.

*

அமலா மணலைக் கொட்டினாள். முன்னால் இரண்டு விரற்கடை. பின்னால் நான்கு. மரச் சட்டத்தால் இழுத்துச் சரிவாக்கினாள். காயவைத்த ஏரி வண்டல் உருண்டைகளை அடியில் புதைத்தாள். மணலின் மேல் தட்டு வைத்து, தட்டின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் கலங்கவில்லை. அடியில் ஒவ்வொரு மணியும் தெரிந்தது.

"இன்னா, மண்ணு போட்டா மாதிரியே இல்ல?" என்றார் டிரைவர்.

பிறகு நட்டாள். செடிக் கட்டை இடது கையில் வைத்துக்கொண்டாள். வலது கையின் கட்டை விரலும் இரண்டு விரலும். செருகு, விடு, லேசாக மேலே இழு. பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்தாள். கழனியில் கால் பின்வாங்குவது போல இங்கே கை பின்வாங்கியது. எதையும் யோசிக்கவில்லை. அந்த வேலையில் யோசிக்க ஒன்றும் இல்லை. தோள் வலித்தபோதுதான் நிமிர்ந்தாள். நூற்றுக்கு மேல் செடி நின்றிருந்தது.

டாக்டர் போனில் ஒரு படத்தை எடுத்துத் தொட்டியின் பக்கத்தில் பிடித்தார். படத்தில் செடிகள் இங்கொரு புதர், அங்கொரு புதர். நடுவில் வெற்று மணல். ஒரு கட்டை சாய்ந்து கிடந்தது. காடு.

"நான் இப்படிக் கேட்டேன். இது கழனி மாதிரி இருக்கே?"

அமலா அப்போதுதான் பார்த்தாள். நேர் வரிசை. முன்னால் பின்னால், இடம் வலம், எங்கிருந்து பார்த்தாலும் வரிசை. நாலடித் தொட்டிக்குள் ஒரு நடவுக் கழனி. படத்தை அவளும் பார்த்திருந்தாள். கடையில் வைத்துத் தாளில் வரைந்தும் வைத்திருந்தாள். செடி கைக்கு வந்ததும் தாள் மறந்துபோயிற்று.

"சம்பா நடவா, குறுவையா?" என்று ஏணியிலிருந்து கேட்டார் பெயின்ட்காரர்.

அமலாவின் காது சுட்டது. "புடுங்கிட்டுத் திரும்ப வெக்கறேன் மேடம்" என்றாள். பிடுங்கினால் வேர் பாதி அறும். அது தெரிந்தே சொன்னாள்.

கண்ணையன் எழுந்து வந்தார். கண்ணாடியின் மேல் கையை விரித்துச் சாண் வைத்தார். உள்ளே வரிசையைப் பார்த்தார். மறுகோடிக்குப் போய் அங்கேயும் சாண் வைத்தார். நடுவிலும் வைத்தார்.

"நூலு கட்டுனியா?"

"இல்ல சார். கைதான்."

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புடுங்காத" என்றார். பிறகு மகளிடம், "நம்ம கழனியில மிஷின் நட்டுக்கினு போச்சே, போய்ப் பாரு. குடிச்சவன் நடந்தா மாதிரி கோணலு. இது இருக்கட்டும்."

டாக்டர் இருவரையும் பார்த்தார்.

"இருவத்தஞ்சு நாள்ல வரிசை தெரியாது மேடம்" என்றாள் அமலா. "பக்கத்துல கன்னு வுடும். சந்தெல்லாம் மூடிக்கும். நீங்க கேட்ட காடு தானா வரும்."

"வரலன்னா?"

"வரும் மேடம்."

*

பத்தாம் நாள் போன் வந்தது. அமலா கடையில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி கரையுது அமலா. தண்ணியில மிதக்குது. அப்பா ஜாடியில இருக்கறது மட்டும் பச்சையா இருக்கு."

"வர்றேன் மேடம்."

வண்டியில் திரும்பி வந்திருந்த நீலக் கல் பையைக் கோதண்டபாணி எடுத்து வெளியே வைத்தார். "பக்கெட்டு எங்க இருக்குதுன்னு ஞாபகம் இருக்குதா?" என்றார். குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது. மற்றப் பாதி பயம். விழுப்புரத்தில் அவர் கடைக்கு அது முதல் தொட்டி.

"ஞாபகம் இருக்குதுண்ணா" என்றாள் அமலா. பையை எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறினாள்.

மருத்துவமனை ஜன்னலில் மிட்டாய் ஜாடி இருந்தது. ஒற்றைச் செடி விறைப்பாக நின்றது. வெயில் போகும் பக்கமெல்லாம் கண்ணையன் ஜாடியை நகர்த்தி வைக்கிறார் என்று டாக்டர் சொன்னார்.

"பாத்தியா எங்க ஓடைய?" என்றார் கண்ணையன்.

தொட்டியில் பாதி இலை போயிருந்தது. மிச்சம் பழுத்திருந்தது. அமலா முழங்கைக்கு மேல் துணியைச் சுருட்டிவிட்டுக் கையை விட்டாள். ஒரு செடியை லேசாக இழுத்தாள். வரவில்லை. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் வரவில்லை. மணல் பிடித்துக்கொண்டிருந்தது.

வீட்டு ஜன்னலில் மூன்றாவது பாட்டிலும் இரண்டாவது வாரம் இப்படித்தான் ஆயிற்று. அன்று அதைக் கொட்டக் கொல்லை வரை கொண்டுபோனாள். கொட்டுவதற்கு முன் இழுத்துப் பார்த்தாள். செடி வரவில்லை. திருப்பிக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள்.

"நட்ட நாத்து மொத வாரம் பழுக்கும் சார். வேரு புடிச்சா பச்சை கட்டும்."

"என்னுது பழுக்கலியே?"

"அது இன்னும் பழைய எலையில ஓடிக்கினு இருக்குது சார். புது எலை வரட்டும்."

அழுகிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கால்வாசித் தண்ணீரை மாற்றினாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையை முகர்ந்தாள். ஈர மண் வாசனை. முட்டை நாற்றம் இல்லை. விக்கிரவாண்டி தாண்டும்வரை கையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

இருபதாம் நாள் போனாள். கழுத்திலிருந்து புது இலைகள் கிளம்பியிருந்தன. நல்ல பச்சை. செடிக்குச் செடி மணலுக்குள் கொடி ஓடி, இரண்டு வரிசைக்கு நடுவே கன்றுகள் தலை காட்டின. வரிசை கலையத் தொடங்கியிருந்தது.

ஜாடியிலும் புது இலை வந்திருந்தது. நரம்பு மட்டும் பச்சை. மற்ற இடமெல்லாம் வெள்ளை. கண்ணையன் ஜாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அமலா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். அவள் தண்ணீர் மாற்றிவிட்டுப் படி இறங்கினாள்.

"மீன் கடைப் பொண்ணு."

"சார்?"

அவர் வாசலில் நின்றார். "ஒண்ணுமில்ல. பஸ்ஸு வந்துடும். ஜல்தியா போ."

*

திறப்பு விழா அன்று கெடாரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அமலா கிறிஸ்துமஸுக்கு எடுத்த பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கோதண்டபாணி சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். இருவரும் உள்ளே போனபோது தொட்டியைச் சுற்றிக் கூட்டம்.

வரிசை இல்லை. இலைகள் தண்ணீரின் மேல்மட்டம் வரை போய் வளைந்து கிடந்தன. போன வாரம் விட்ட கப்பி மீன்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. சில இலைகளின் நுனியில் சின்னக் குமிழிகள் ஒட்டியிருந்தன. கீழே, கண்ணாடி ஓரமாக, மணலின் முழு உயரத்துக்கும் வேர். வெள்ளையாக.

கோதண்டபாணி மூக்கு கண்ணாடியில் படும்வரை குனிந்தார். வேரைப் பார்த்தார். பிறகு தொட்டி மூடியைத் தூக்கி முகர்ந்தார்.

"நாத்தம் இல்ல" என்றார் தனக்குள்.

தொட்டியின் மறுபக்கம் கண்ணையன் நின்று நான்கைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"கல்லு போட்டா வேரு நிக்காது. மாவு மணலு போட்டா இறுகிப் போயி அழுவிடும். கேப்பை அளவு இருக்கணும். அதான் கணக்கு. சுக்கான் ஒரு மணி இருக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் புழிஞ்சாத் தெரிஞ்சிடும்."

"எல்லாம் கெடார் மணலா மாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல. கிளியனூரு மணலு. மாதா கோயில் தெரு."

கோதண்டபாணி அமலாவின் பக்கம் சாய்ந்தார். "உன் பேச்செல்லாம் அவரு பேசறாரு."

"பேசட்டும்ணா."

கோதண்டபாணி சட்டைப் பையிலிருந்து ஒரு கவர் எடுத்தார். உடனே கொடுக்கவில்லை.

"பிரிண்ட் போடறவன் எழுத்த பெருசா வுட்டுட்டான். கடைப் பேரு சின்னதாப் போச்சி. திரும்பப் போடச் சொன்னா நாள் ஆவும்னான். அதான் அப்பிடியே கொண்டாந்துட்டேன்."

அமலா கவரைப் பிரித்தாள். ஸ்டிக்கரின் மேல் பாதியில் அவள் பெயர். செடி அமைப்பு: அமலா, கிளியனூர். கீழே பொடி எழுத்தில் கடை. ஊரைப் போடச் சொல்லி அவள் கேட்டிருக்கவில்லை.

"எழுத்து தப்பு இல்லையே?"

"இல்லண்ணா."

"அப்ப ஒட்டு. நீயே ஒட்டு."

கண்ணாடியின் முன் மூலையை முந்தானையால் துடைத்தாள். ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தை வைத்தாள். கட்டை விரலால் காற்றைத் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை ஒட்டினாள். ஒரு குமிழி இல்லை. நேராக இருந்தது.

கூட்டத்திலிருந்து கண்ணையன் வந்தார். சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்து ஸ்டிக்கரைப் படித்தார். உதடு அசைந்தது. படித்து முடித்தும் நிமிரவில்லை.

பிறகு வரவேற்பு மேசைக்குப் பின்னால் போனார். மேசைக்கு அடியிலிருந்து மிட்டாய் ஜாடியை எடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். செடி முழுக்க வெளுத்திருந்தது. கெடார்க்காரர்கள் வழி விட்டார்கள். ஒருவர் அது என்னவென்று கேட்டார். கண்ணையன் தொட்டியின் தாங்கியில், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி ஜாடியை வைத்தார்.

அமலா ஜாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அமலா" என்றார் கண்ணையன். "அந்த ஓடை ஓரம் ஒன்றரை ஏக்கரு கீது. இதே மாதிரிதான் நிக்குது. அதுக்கு இன்னா பண்ணலாம், சொல்லு?"